காஓர் ஒயினும் வாத்துக் கொழுப்பும்

பிரான்ஸின் துலூஸ் நகரத்தில் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டுக்கார அம்மா அவருக்கு ஒரு பாட்டில் காஓர் சிவப்பு ஒயின் பரிசாகக் கொடுத்து, "வாத்து சமைக்கிற அன்றைக்குத் திறங்கள்" என்று சொன்னாராம். லேபிளில் 2010 என்று இருக்கிறது. அதைத் திறக்க மனசு வராமல், எப்படி இருக்கும் என்று பார்க்க சூப்பர் மார்க்கெட்டில் 2022-ஆம் வருட காஓர் ஒன்றை வாங்கி, சாயங்காலம் வெறுமனே ஒரு கிளாஸ் குடித்திருக்கிறார். வாயெல்லாம் துவர்த்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதாம். அவருடைய கேள்விகள்: பாட்டிலில் கோளாறா? ஏன் குறிப்பாக வாத்து? நம்ம ஊர் மாதிரி காரமாக வைத்த ஆட்டுக்கறியோடு சேருமா?

பாட்டிலில் ஒரு கோளாறும் இல்லை. இளம் காஓரை வெறும் வாயில் குடித்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். பசியோடு ஒரு தட்டுச் சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்து குடிப்பதற்கென்றே வளர்ந்த ஒயின் அது. அந்தத் தட்டில் கொழுப்பு இருக்க வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றக் கேள்விகளுக்கும் வழி தெரிந்துவிடும்.

முதலில் துவர்ப்பைப் பார்ப்போம். நாவல்பழம் சாப்பிட்டவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: நாக்கு ஊதா, கன்னத்தின் உள்பக்கம் இழுத்துப் பிடித்தாற்போல் ஒரு வறட்சி. காஓரில் நடப்பதும் அதுதான். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் என்ற பொருள், எச்சிலில் உள்ள புரதங்களோடு போய் ஒட்டிக்கொள்கிறது. எச்சிலின் வழுவழுப்பு போய்விடுவதால் வாய் உலர்ந்து சொரசொரப்பாகிறது. வாயில் ஏற்கெனவே இறைச்சியும் கொழுப்பும் இருந்தால் டானினுக்கு ஒட்டிக்கொள்ள வேறு இடம் கிடைத்துவிடுகிறது. எச்சிலை அந்த அளவுக்கு வதைக்காது. கூடவே உப்பு இருந்தால் கசப்பு இன்னும் அடங்கும். மறுபக்கம், வாயில் படியும் கொழுப்புப் பசையை ஒயினின் துவர்ப்பும் புளிப்பும் கழுவிவிடுகின்றன. அடுத்த வாய் மறுபடி முதல் வாய் மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் லாபம்.

இனி ஏன் வாத்து என்பதற்கு வருவோம். அதற்கு ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும்.

காஓர் துலூஸிலிருந்து வடக்கே நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. லோத் ஆறு அந்த நகரத்தை மூன்று பக்கமும் சுற்றி வளைத்துக்கொண்டு போகிறது. பதினான்காம் நூற்றாண்டில் கட்டிய, மூன்று கோபுரங்கள் நிற்கும் வாலாந்த்ரே பாலத்தின் படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். திராட்சைத் தோட்டங்கள் நகரத்துக்கு மேற்கே, ஆறு பாம்பாக நெளிந்து போகிற பள்ளத்தாக்கில் லூசெக், பர்னாக், ப்ரேசாக், புய் லெவெக் என்று ஊர் ஊராகத் தொடர்கின்றன. ஆற்றோரம் படிப்படியாக உயரும் கூழாங்கல் மண் ஒரு வகை. அதற்கும் மேலே, முந்நூறு மீட்டர் உயரத்தில், கோஸ் என்று சொல்லப்படும் வறண்ட சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம் இன்னொரு வகை. படிகளில் விளைவது பொதுவாகச் சதைப்பற்றோடு சீக்கிரம் பக்குவப்படும். மேட்டுநிலத்து ஒயின் கொஞ்சம் இறுக்கமானது, புளிப்பு தூக்கலாக இருக்கும், பொறுமை கேட்கும்.

இந்தப் பழைய கேர்சி சீமையும், பக்கத்துப் பெரிகோரும், தெற்கே கேஸ்கனியும் வெண்ணெய் நாடுகள் இல்லை. வடக்கே நார்மண்டிக்காரர் வெண்ணெயில் செய்வதை, மத்தியதரைக் கடலோரத்துக்காரர் ஆலிவ் எண்ணெயில் செய்வதை, இங்கே வாத்து அல்லது கூஸ் வாத்தின் கொழுப்பில் செய்வார்கள். சோளம் தின்று கொழுத்த வாத்து குளிர்காலத் தொடக்கத்தில் அறுக்கப்படும். அந்தக் கொழுத்த ஈரல்தான் ஃபுவா க்ரா என்ற பதார்த்தம். கால்களை உப்பில் ஊறவைத்து, அதே வாத்தின் கொழுப்பிலேயே மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வேகவைத்து, ஜாடியில் போட்டு மேலே கொழுப்பை ஊற்றி மூடிவிடுவார்கள். குளிர்பதனப் பெட்டி வராத காலத்தில் இறைச்சியை மாதக்கணக்கில் காப்பாற்றிய முறை இது. இதன் பெயர் கோன்ஃபி. உப்பு, கொழுப்பு, கரும் இறைச்சி மூன்றும் ஒரே துண்டில் இருக்கின்றன. டானின் மிகுந்த ஒயினுக்கு இதைவிடப் பொருத்தமான தட்டை யாராவது உட்கார்ந்து யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. வீட்டுக்கார அம்மா சொன்னது அந்த ஊரின் சாப்பாட்டு நடைமுறை, அவ்வளவுதான்.

துலூஸில் இருப்பதால் உங்களுக்கு இது சிரமமே இல்லை. நாலைந்து கால்கள் அடைத்த கோன்ஃபி டின் எந்தக் கடையிலும் கிடைக்கும். மூடியிருக்கும் டின்னைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் வைத்தால் உள்ளே உறைந்த கொழுப்பு இளகும். பிறகு திறந்து, கால்கள் உடையாமல் மெதுவாக வெளியே எடுங்கள். இறைச்சி ஏற்கெனவே எலும்பிலிருந்து கழலும் பதத்தில் இருக்கும். அடிகனமான வாணலியில் தோல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, நடுத்தரத் தீயில், தோல் பொன்னிறமாக மொறுமொறுப்பாகும் வரை விடுங்கள். எண்ணெய் ஊற்ற வேண்டாம், அதிலேயே ஒழுகும். உப்பும் போடக் கூடாது, போதுமான அளவு ஏற்கெனவே இருக்கிறது. டின்னில் மிஞ்சிய கொழுப்பில் இரண்டு கரண்டி எடுத்து, மெல்லிய வட்டமாக நறுக்கிய உருளைக்கிழங்கை இன்னொரு வாணலியில் வறுத்து, இறக்குவதற்குச் சற்று முன்னால் பொடியாக நறுக்கிய பூண்டும் பார்ஸ்லியும் தூவுங்கள். சார்லா ஊர்ப் பாணி உருளைக்கிழங்கு இதுதான். மீதிக் கொழுப்பைக் கொட்டிவிடாதீர்கள். வடிகட்டி பாட்டிலில் வைத்தால் வாரக்கணக்கில் கெடாது.

அந்த மொறுமொறுத் தோலில் ஒரு வாய், பிறகு அன்றைக்குத் திட்டிய அதே 2022 பாட்டிலிலிருந்து ஒரு வாய். துவர்ப்பு காணாமல் போகாது. ஆனால் இடத்தைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்துவிடும். அதன் பின்னாலிருந்து கருப்பு ப்ளம், ப்ளாக்பெர்ரி, கொஞ்சம் வயலட் பூ வாசனை, அதிமதுரம் எல்லாம் மேலே வரும்.

கோன்ஃபியைத் தவிர மக்ரே என்றொரு வாத்துச் சமையல் உண்டு. ஃபுவா க்ராவுக்காகக் கொழுக்கவைத்த வாத்தின் மார்புக்கறி. தடித்த தோல்கொழுப்பில் கட்டம் கட்டமாகக் கீறி, தோல் பக்கம் நன்றாக உருகும்வரை வறுத்து, உள்ளே சிவப்பாக விட்டு, மாட்டிறைச்சி ஸ்டேக் போலச் சாப்பிடுவார்கள். பழம்பெரும் கிராமத்து உணவு என்று பலர் நினைக்கிறார்கள். இந்தப் பாணியைப் பரப்பியவர் ஓஷ் நகரச் சமையல்காரர் ஆந்த்ரே தகேன், அதுவும் 1950-களின் கடைசியில்தான். மக்ரேக்கு இளம் காஓர் தாராளமாகச் சேரும். உணவகங்களில் அதன் மேல் தேனோ ஆரஞ்சோ ஊற்றித் தருவார்களே, அதை மட்டும் தவிருங்கள். இனிப்பு பட்டால் துவர்ப்பான ஒயின் கசந்து, பழச்சுவை ஓடிவிடும்.

ஒயினுக்கு வருவோம். காஓர் என்ற பெயரில் சிவப்பு மட்டும்தான் விற்கலாம். குறைந்தது 70 சதவீதம் மால்பெக் திராட்சை இருக்க வேண்டும். மிச்சத்துக்கு மெர்லோ, தன்னா என்ற இரண்டே திராட்சைகளுக்கு அனுமதி. கேபர்னே திராட்சைக்குப் பேர்போன ஒயின் ஊரான போர்தோவுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அந்தக் கேபர்னே வகைகள் இதில் கிடையாது. மெர்லோ சேர்த்தால் மெத்தென்று ஆகும். தன்னா சேர்த்தால் இன்னும் முரடாகும். சுத்த மால்பெக் என்று லேபிளில் போட்டிருப்பது பெரும்பாலும் விலை கூடின, கனமான வகை. மால்பெக்குக்கு அந்த ஊரில் கோ என்றும் ஓசெர்வா என்றும் பெயர்கள் உண்டு. மரபணு ஆய்வின்படி மெர்லோவும் மால்பெக்கும் ஒரு தாய் மக்கள்.

"நான் அர்ஜென்டினா மால்பெக் குடித்திருக்கிறேன், அது இப்படித் துவர்க்கவில்லையே" என்று அடுத்த கேள்வி வரும். வழக்கமாக வருவதுதான். 1853-இல் மிஷெல் எமே புஷே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் அர்ஜென்டினாவின் மெந்தோசாவுக்கு இந்தக் கொடியைக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர். இப்போது உலகத்து மால்பெக்கில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. ஆண்டிஸ் மலையடிவாரத்து வெயிலில், வறண்ட காற்றில், தோலின் டானின் நன்றாகக் கனிந்து இனிப்புக் கலந்த பழச்சுவையோடு வருகிறது. காஓரில் மழையும் குளிரும் அதிகம். பூக்கும் சமயத்தில் மழை பிடித்தால் பிஞ்சு உதிர்ந்து விளைச்சலே அடிபடும். பழம் அவ்வளவு சுலபமாகக் கனிவதில்லை. ஆகவே ஒயினில் புளிப்பும் மண் வாசனையும் தூக்கல். எது உயர்வு என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. வெறுமனே குடிக்க அர்ஜென்டினா, சாப்பாட்டோடு காஓர் என்பது என் கட்சி.

இதற்குக் 'கறுப்பு ஒயின்' என்று ஒரு பட்டப்பெயர் இருப்பதால் பலர் பயப்படுகிறார்கள். மால்பெக் இயல்பிலேயே நிறம் அதிகமுள்ள திராட்சை. அதோடு, பழைய காலத்தில் திராட்சைச் சாற்றில் ஒரு பகுதியைக் கொதிக்கவைத்துச் சுண்டவைத்துச் சேர்க்கும் பழக்கமும் இருந்தது. நிறம் மை மாதிரி ஆகும், தூரப் பயணத்துக்கும் தாங்கும். போர்தோ வியாபாரிகள் தங்கள் ஒயின் வெளிறிப்போன வருடங்களில் இதைக் கொஞ்சம் கலந்து நிறமும் பலமும் ஏற்றிக்கொண்டார்கள். இன்றைக்குச் சாதாரணமாகக் கிடைக்கும் காஓர் அடர்ந்த ஊதாச் சிவப்பு. ஒரு சில தயாரிப்பாளர்கள் மட்டும் பழைய முறையை நினைவுபடுத்தும் விதமாகத் திராட்சையைச் சூடாக்கி விசேஷ பாட்டில் போடுகிறார்கள்.

போர்தோவோடு காஓருக்கு இருந்தது நெடுங்காலப் பகை. 1152-இல் அக்கித்தேன் சீமாட்டி எலியனோர், இரண்டாண்டில் இங்கிலாந்து மன்னராகப்போகும் ஹென்றியை மணந்ததிலிருந்து தென்மேற்கு பிரான்ஸின் ஒயினுக்கு லண்டன் பெரிய சந்தையாயிற்று. காஓர் பீப்பாய்கள் தட்டையடிப் படகுகளில் லோத் ஆற்றில் இறங்கி, கரோன் ஆற்றில் சேர்ந்து, போர்தோ துறைமுகம் வழியாகத்தான் கடலுக்குப் போக முடியும். போர்தோக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஆற்றின் மேல்பக்கத்து ஊர்களின் ஒயின் குறிப்பிட்ட தேதிக்கு முன்னால் ஊருக்குள் வரக் கூடாது என்று சலுகை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தங்கள் சரக்கு முதலில் கப்பலேறி நல்ல விலைக்குப் போன பிறகு, மிச்ச இடம் இருந்தால் மற்றவர்களுக்கு. பல நூற்றாண்டு இப்படியே ஓடி, 1776-இல் நிதியமைச்சர் துர்கோ ஆணை போட்டு அதை ஒழித்தார். சுண்டவைத்த, நிறம் மாறாத, கெட்டுப்போகாத ஒயினுக்கு அந்த ஊரில் ஏன் மவுசு என்பதற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அதற்கப்புறம் அடிமேல் அடி. 1870-களின் பிற்பகுதியில் ஃபிலாக்சரா பூச்சி வந்து வேர்களைத் தின்றது. மெல்ல மீண்டு, 1947-இல் பர்னாக்கில் கூட்டுறவு ஆலை தொடங்கினார்கள். 1956 பிப்ரவரியில் வந்த உறைபனி ஏறக்குறைய எல்லாக் கொடிகளையும் கொன்றுவிட்டது. இப்போது நீங்கள் அந்தப் பள்ளத்தாக்கில் பார்க்கும் தோட்டங்களில் மிகப் பெரும்பாலானவை அதற்குப் பிறகு நட்டவை. ஊர்ப் பெயரில் விற்க அரசு தரும் அங்கீகாரமான ஆஓசி (AOC) அந்தஸ்து 1971-இல்தான் முழுதாகக் கிடைத்தது. அப்போதைய குடியரசுத் தலைவர் பொம்பிதுவுக்கு ஆற்றின் மேல்பக்கம் கஷார்க் ஊரில் வீடு இருந்தது. அவர் தயவு இருந்தது என்று அந்தப் பக்கம் பேச்சு உண்டு. இன்னொரு பெரிய இடத்துத் தொடர்பும் இருக்கிறது. 2024 வரை டென்மார்க் அரசியாக ஆண்ட மார்கரெத்தின் கணவர் ஹென்ரிக் இந்தச் சீமைக் குடும்பத்தவர். 1974-இல் லூசெக் பக்கம் கய்க்ஸ் மாளிகையை வாங்கித் தோட்டம் போட்டு, 2018-இல் இறக்கும்வரை ஒயின் தயாரித்து வந்தார்.

இதைவிட வினோதம் ரஷ்யாவில். அங்கே ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களில் திருவிருந்துக்குக் கொடுக்கும் இனிப்புச் சிவப்பு ஒயினுக்குப் பெயர் 'ககோர்'. காஓரிலிருந்து போன பெயர்தான். பெயரைத் தவிர இப்போது இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆகவே ரஷ்யக் கடையில் ககோர் வாங்கி வாத்தோடு பரிமாறிவிடாதீர்கள்!

சரி, சாப்பாட்டுக்குத் திரும்புவோம். வாத்துக்கு அடுத்தபடி என் ஓட்டு ஆட்டுக்குட்டிக்கு. கேர்சி மேட்டுநிலத்தில் கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் போட்ட ஒரு வகைச் செம்மறி மேய்கிறது. கண்ணாடி மாட்டினாற்போல இருக்கும். அதன் குட்டியின் தொடையையோ தோளையோ பூண்டு, தைம் சேர்த்து அடுப்பில் சுட்டு, அடியில் ஒழுகிய சாற்றில் வெள்ளை பீன்ஸைப் புரட்டி வைத்தால் அதற்கு ஐந்தாறு வருட காஓர் கச்சிதம். செம்மறிக் கொழுப்புக்கென்று ஒரு வாடை உண்டல்லவா, அதைத் துவர்ப்பு அழகாக அடக்கும்.

காஸுலேக்கும் இதே நியாயம். துலூஸ், காஸ்தெல்னோதரி, கர்காசோன் மூன்றும் இது எங்களுடையது என்று அடித்துக்கொள்ளும் பதார்த்தம்: வெள்ளை பீன்ஸ், பன்றிக்கறி, துலூஸ் சாசேஜ், சில இடங்களில் வாத்துக் கோன்ஃபி, எல்லாம் மண்சட்டியில் மெதுவாக வெந்து மேலே ஆடை கட்டியது. ஒயின் மென்மையாக இருந்தால் இதற்கு முன் நிற்காது. இதற்கு விலை குறைந்த இளம் காஓரே போதும். பரிசு பாட்டிலை இதில் செலவழிக்காதீர்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடுபவர்கள் என்றால் அதே ஒயினை ஊற்றி மூன்று மணிநேரம் வேகவைத்த குழம்பு நல்ல பொருத்தம். கோழி? வெறுமனே சுட்ட கோழி மெலிந்தது; காஓர் அதை அமுக்கிவிடும். மீன் வேண்டவே வேண்டாம். குறிப்பாக மத்தி, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய் மீன்களோடு துவர்ப்பான சிவப்பு ஒயின் சேர்ந்தால் வாயில் இரும்புச் சுவை வரும்.

இறைச்சியே இல்லாமலும் காஓருக்குத் துணை உண்டு. இலையுதிர்காலத்தில் அந்தக் காடுகளில் செப் என்ற தடித்த காளான் முளைக்கும். துலூஸ் சந்தைகளிலும் அக்டோபர் வாக்கில் கூடையோடு வரும். பூண்டும் பார்ஸ்லியும் போட்டு, ஓரம் சிவக்க வறுத்தால் இறைச்சிக்குச் சமமான கனம் வாயில் கிடைக்கும். சைவர்கள் எண்ணெயிலோ வெண்ணெயிலோ வறுத்துக்கொள்ளலாம். தாராளமாக ஊற்ற வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. வால்நட் எண்ணெய் ஊற்றிய பயறு சாலட், சட்டியில் சுட்ட வெள்ளை பீன்ஸ், நெருப்பில் சுட்டு மசித்த கத்தரிக்காய் எல்லாம் இளம் காஓரோடு ஓடும்.

இனி உங்கள் 2010 பாட்டில். அதை வேறு மாதிரி நடத்த வேண்டும். டானின் வருடக்கணக்கில் ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரு பகுதி அடியில் வண்டலாகப் படிந்து, மிச்சம் மிருதுவாகியிருக்கும். பழ வாசனை பின்வாங்கி, ஈர மண், பதப்படுத்திய தோல், காய்ந்த இலை, காளான் பக்கம் போயிருக்கும். இந்த வயதில் கோன்ஃபியின் உப்பும் மொறுமொறுப்பும் அதற்குக் கொஞ்சம் முரடு. அதற்கு ஏற்ற துணை, மண்ணுக்கடியில் விளையும் வாசனைக் காளானான கறுப்பு ட்ரஃபிள். காஓருக்குத் தெற்கே லால்பெங்க் என்ற சின்ன ஊரில் டிசம்பரிலிருந்து மார்ச் வரை செவ்வாய்க்கிழமை மதியங்களில் அதற்குச் சந்தை கூடும். தெருவோரம் நீள பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, துணி மூடிய கூடைகளோடு விற்பவர்கள் நிற்பார்கள்; எதிரே கயிறு கட்டியிருக்கும். அதற்கு இந்தப் பக்கம் வாங்குபவர்கள் குனிந்து மோந்து பார்த்து, காதோடு காதாக விலை பேசி வைத்துக்கொள்வார்கள். இரண்டரை மணிக்குச் சைகை கிடைத்துக் கயிறு இறங்கியதும் சில நிமிடங்களில் எல்லாம் கைமாறிவிடும். ஒரு முழு ட்ரஃபிளுக்கு மாணவர் பணப்பை தாங்காது என்பது தெரியும். ஒரு சின்ன உருண்டை வாங்கி, முட்டைகளோடு மூடிய டப்பாவில் ஒரு இரவு வைத்தால் முட்டைக்குள்ளேயே வாசனை இறங்கிவிடும். அந்த முட்டையில் வெண்ணெய் போட்டு இளக்கமாக ஒரு கிளறல். பழைய காஓருக்கு இதுவே போதும். ட்ரஃபிள் இல்லையென்றால் செப் காளான் சேர்த்த வாத்து, மெதுவாக வெந்த ஆட்டுக்குட்டித் தோள். வீட்டுக்கார அம்மாவின் சொல்லையும் தட்டியதாக இருக்காது.

சீஸில் எனக்கு ஊர்க்காரர்களோடு கருத்து வேறுபாடு. ரொக்கமதூர் என்று முப்பத்தைந்து கிராம் எடையில், சின்ன வட்டமாக ஒரு ஆட்டுப்பால் சீஸ் இருக்கிறது. காஓர்க்காரர்கள் அதையும் சிவப்பு ஒயினோடுதான் முடிப்பார்கள். புதிதாக, க்ரீம் மாதிரி இருக்கும்போது அதன் புளிப்பும் இளம் காஓரின் துவர்ப்பும் மோதி, சுண்ணாம்பு தின்ற மாதிரி இருக்கிறது. சில வாரம் காய்ந்து இறுகியதென்றால் பரவாயில்லை. அதைவிட பிரனே மலைப் பக்கத்துச் செம்மறிப்பால் சீஸான ஓசோ இராத்தி, அல்லது வயசான காந்தால் வாங்குங்கள். ரொக்ஃபோர் சீஸின் உப்பும் நீலப் பூஞ்சையும் இந்த ஒயினைக் கசக்க வைக்கும். கறுப்புச் சாக்லெட்டும் மால்பெக்கும் ஜோடி என்று விளம்பரங்களில் வருகிறது. கசப்பின் மேல் கசப்பு, எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

காரமான ஆட்டுக்கறி கேட்டிருந்தீர்கள். மிளகாய் நிறையப் போட்ட குழம்போடு இளம் காஓர் வேண்டாம். பதினான்கு சதவீதம் வரை போகும் ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைத் தூக்கிவிடும். எரியும் நாக்கில் துவர்ப்பு இன்னும் சொரசொரப்பாகப் படும். பழச்சுவையோ சுத்தமாகத் தெரியாது. புளி சேர்ந்த குழம்பு இன்னும் மோசம். ஆனால் நீர் வற்ற வதக்கின மிளகுக் கறி வேறு விஷயம். மிளகாயைக் குறைத்து, மிளகு, சோம்பு, பட்டை கொண்டு, தேங்காய்த் துண்டும் கறிக்கொழுப்பும் சேர்ந்து கறுத்துவரும் வரை வதக்கினால் இளம் காஓருக்கு நன்றாகவே இடம் கொடுக்கும். மிளகின் காரம் நாக்கை மிளகாய் அளவுக்குச் சுடுவதில்லை. சோம்பு வாசனை ஒயினில் இருக்கும் அதிமதுர வாசனையோடு ஒட்டிக்கொள்ளும். மெர்லோ கலந்த, விலை குறைந்த வகையாகப் பாருங்கள். தொட்டுக்கொள்ளச் சோற்றைவிட ரொட்டி நல்லது.

பரிமாறுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பதினாறு, பதினேழு டிகிரி. துலூஸ் கோடையில் அறையே இருபத்தெட்டு இருக்கும். அதனால் இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். இளசை ஒன்றிரண்டு மணிநேரம் முன்னதாக ஒரு கண்ணாடி ஜாடியில் கவிழ்த்து வையுங்கள். காற்றுப் பட்டால் இளகும். 2010-ஐ முந்தின நாளே நிமிர்த்தி நிறுத்தி, வண்டல் அடியில் தங்கவிட்டு, பரிமாறும் நேரத்தில் அசைக்காமல் மெதுவாக ஊற்றுங்கள். அடியில் கடைசி இரண்டு விரல் அளவை விட்டுவிடலாம். பழசை ரொம்ப நேரம் காற்றாட வைத்தால் வாசனை போய்விடும்.

வாங்கும்போது, பத்து யூரோவை ஒட்டி நல்ல தினசரி காஓர் கிடைக்கிறது. போர்தோவில் அந்த விலைக்கு இந்தத் தரம் எதிர்பார்க்க முடியாது. காஓரில் தோட்டங்களுக்கு அதிகாரபூர்வமான தர வரிசை எதுவும் கிடையாது. ஒரே தயாரிப்பாளர் மூன்று நான்கு விலையில் போடுவார்; மேலே போகப்போகக் கொடிக்கு வயது கூடும், ஓக் பீப்பாயில் கிடந்த காலமும் கூடும். ஓக் வாசனை அதிகமானதை எனக்குப் பிடிப்பதில்லை, அது சாப்பாட்டுக்குக் குறுக்கே நிற்கிறது.

கடைசியாக, ஷப்ரோ. தென்மேற்குக் கிராமத்துப் பழக்கம் இது. பூண்டு சூப்போ காய்கறி சூப்போ குடித்து, தட்டில் அடிச்சாறு கொஞ்சம் மிஞ்சியிருக்கும்போது, கரண்டியைக் கவிழ்த்துப் போட்டு, அது மூழ்கும் அளவுக்குச் சிவப்பு ஒயினை அதிலேயே ஊற்றுவார்கள். ஒரு சுழற்று சுழற்றி, தட்டை இரண்டு கையாலும் தூக்கி அப்படியே வாய்வைத்துக் குடிப்பார்கள். சூடான கொழுப்புச் சாற்றில் ஒயினின் முரட்டுத்தனம் போய்விடும், தட்டும் சுத்தமாகும். நகரத்து உணவகத்தில் செய்தால் திரும்பிப் பார்ப்பார்கள், வீட்டில் யார் கேட்பது? உங்கள் 2022 பாட்டிலில் மிச்சம் இருந்தால் அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். கார்க்கைத் திரும்ப மாட்டி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாராளமாகத் தாங்கும்.